தாமஸ் டேனியல்

தாமஸ் டேனியல் (1749 – மார்ச் 19, 1840) இங்கிலாந்தைச் சேர்ந்த நிலத்தோற்ற ஓவியரும் செப்புத்தகட்டு அச்சோவியரும் ஆவார். இவர் தம் அண்ணன் மகனான வில்லியம் டேனியலுடன் (1769 – 1837) 1786 முதல் 1793 வரை இந்தியாவின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்து, மலைகள், ஆறுகள், அருவிகள், கோட்டைகள், கோயில்கள் முதலியவற்றை அவ்வவ்விடங்களிலேயே அமர்ந்து வரைந்தார். இவ்வரைபடங்களை அடிப்படையாகக் கொண்டு வெளியான 'ஓரியண்டல் சீனரி' என்னும் 144 வண்ணப்படங்களின் தொகுப்பு இவருக்குப் பெரும் புகழைத் தந்தது. 1792 ஆம் ஆண்டில் தமிழகத்தின் ஊடாக இவர்கள் மேற்கொண்ட பயணத்தில் வரையப்பட்ட படங்கள், ஒளிப்படக் கலை தோன்றுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முந்தைய தமிழகத்தின் தோற்றத்தைக் காட்டும் முக்கியமான சான்றுகளாகும்.

இளமைக்காலம்

தாமஸ் டேனியல் தேம்சு ஆற்றங்கரையில் உள்ள கிங்ஸ்டன் என்னும் ஊரில் 1749 இல் பிறந்தார். இவருடைய தந்தையார் விடுதி நடத்தி வந்தவர். செல்வமோ கல்விப் பின்புலமோ மிகுதியாக இல்லாத குடும்பம் ஆகையால், இளம் வயதிலேயே குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலில் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்தில் இத்தொழில் வெறும் வண்ணப்பூச்சு அன்று. செல்வர்களின் வண்டிக் கதவுகளில் குடும்பச் சின்னங்களையும், மலர்களையும், சிறு இயற்கைக் காட்சிகளையும் நுணுக்கமாக வரைய வேண்டியிருந்தது. பின்னாளில் இவரிடம் காணப்பட்ட கைத்திறனுக்கும் பொறுமைக்கும் இப்பயிற்சியே அடிப்படையாகும்.

பயிற்சிக்குப் பின்னர் அரசரின் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டிய சார்லஸ் காட்டன் என்பவரிடம் பணியாற்றினார். 1773 இல் லண்டன் அரச கலைக்கழகத்தின் பள்ளியில் சேர்ந்தார். அக்கழகத்தின் ஆண்டுக் கண்காட்சிகளில் மலர் ஓவியங்களும் நிலத்தோற்றங்களும் இவர் பெயரில் இடம்பெற்றன. எனினும் அன்றைய இங்கிலாந்தில் நிலத்தோற்ற ஓவியர்கள் பலர் இருந்தமையால் போதிய வருவாயோ புகழோ இவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவுக்கு வருதல்

வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியர் 1780 முதல் 1783 வரை இந்தியாவில் தங்கி வரைந்த காட்சிகள் லண்டனில் ஆர்வத்தைத் தூண்டியிருந்தன. இந்தியாவிலோ கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்களும் வணிகர்களும் ஓவியங்களை விலைகொடுத்து வாங்கும் நிலையில் இருந்தனர். எனவே தாமஸ் டேனியல் இந்தியாவில் அச்சோவியராகத் தொழில் செய்ய 1784 இல் கம்பெனியிடம் இசைவு பெற்றார். தந்தையை இழந்து தம் பொறுப்பில் வளர்ந்துவந்த வில்லியமை உதவியாளராக உடன் அழைத்துக்கொண்டார். அப்போது வில்லியமுக்கு வயது 15.

இருவரும் 1785 ஏப்ரலில் கப்பலேறிச் சீனா வழியாக 1786 தொடக்கத்தில் கல்கத்தாவை அடைந்தனர். கல்கத்தா நகரின் தெருக்களையும் கட்டடங்களையும் காட்டும் 12 படங்களை உள்ளூர்க் கைவினைஞரின் உதவியுடன் செப்புத்தகட்டில் செதுக்கி 1786 முதல் 1788 வரை வெளியிட்டனர். செப்புத்தகட்டு அச்சில் தேர்ந்த பணியாளர்கள் அங்கு மிகக் குறைவாக இருந்தமையால் வேலையின் பெரும்பகுதியைத் தாமஸ் தாமே செய்ய வேண்டியதாயிற்று. இப்படங்களின் விற்பனை அடுத்த பயணத்துக்குப் பொருள் தந்தது.

வட இந்தியப் பயணம்

1788 இல் இருவரும் கல்கத்தாவிலிருந்து கங்கை வழியே படகில் புறப்பட்டனர். பாட்னா, கான்பூர் வழியாகச் சென்று, பின் தரைவழியே ஆக்ரா, பதேபூர் சிக்ரி, மதுரா, தில்லி ஆகிய இடங்களை அடைந்தனர். 1789 இல் இமயமலைச் சாரலில் கடுவால் நாட்டின் தலைநகராக விளங்கிய சிறீநகர் வரை சென்றனர். (இது காசுமீரத்தில் உள்ள சிறீநகர் அன்று.) அந்நகரைக் கண்ட முதல் ஐரோப்பியர்களுள் இவர்களும் அடங்குவர். அங்கே அளகநந்தா ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த கயிற்றுப் பாலத்தை வரைந்தனர். அப்பகுதியில் போர் மூண்டிருந்ததால் நீண்டநாள் தங்க இயலாமல் திரும்பினர்.

இப்பயணத்தின்போது வில்லியம் நாட்குறிப்பு எழுதி வந்தார். எந்த நாளில் எங்கிருந்து வரைந்தனர், வரைபடத்தில் யார் எப்பகுதியைச் செய்தனர், வெயிலும் மழையும் வேலையை எவ்வாறு தடுத்தன என்பன போன்ற செய்திகள் அதில் உள்ளன. ஹாட்ஜஸ் வரைந்திருந்த காட்சிகளை அவற்றின் இடங்களிலேயே வைத்து ஒப்பிட்டு, அவற்றில் இருந்த பிழைகளையும் இருவரும் கண்டறிந்தனர். ஹாட்ஜஸ் ஒளியையும் உணர்ச்சியையும் முதன்மையாகக் கருதியவர். டேனியல்களோ அளவும் வடிவமும் பிழையற்று இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தனர்.

திறந்தவெளியில் வரையும் முறை

பரந்த நிலப்பரப்பைத் திறந்தவெளியில் இருந்து வரைவதில் பல இடர்ப்பாடுகள் உள்ளன. காட்சி ஓவியரின் பார்வைக் கோணத்தைவிட அகன்றது. வெளிச்சம் மணிக்கு மணி மாறுவது. காற்றும் வெயிலும் தாளைக் கெடுப்பவை. இவற்றுக்கு ஈடுகொடுக்க டேனியல்கள் வேலையைப் பல படிகளாகப் பிரித்துக்கொண்டனர்.

முதற்படி இடத்தைத் தேர்வு செய்வதாகும். மலையோ கோட்டையோ முழுமையாகத் தெரியும் இடத்தைக் கண்டறிந்து அங்கு வரைமேசையை அமைத்தனர். அடுத்து, கேமரா ஆப்ஸ்குரா என்னும் கருவியின் உதவியால் காட்சியின் புறக்கோடுகளைப் பென்சிலால் தாளில் பதித்தனர். இக்கருவி ஒரு வில்லையும் கண்ணாடியும் பொருத்திய இருண்ட பெட்டியாகும். வெளியில் உள்ள காட்சி வில்லை வழியாக உள்ளே சிறிய பிம்பமாக விழும். அப்பிம்பத்தின் மேல் கோடு வரைந்தால் கோபுரங்களின் அடுக்குகள், தூண்களின் இடைவெளி முதலியவை சரியான விகிதத்தில் அமையும். ஆனால் இக்கருவிக்கு எல்லையும் உண்டு. தொலைவில் உள்ள மலைத்தொடர் பிம்பத்தில் மிகச் சிறியதாகவே தெரியும். அதன் உயரத்தையும் தொலைவையும் பார்ப்பவர் உணரும்படி செய்ய ஓவியரின் கண்ணும் பயிற்சியுமே துணைநிற்க வேண்டும்.

புறக்கோடுகள் முடிந்தபின், நீர்வண்ணத்தால் ஒளியும் நிழலும் மெல்லிய பூச்சாகத் தீட்டப்பட்டன. இப்பணியின் ஒரு பகுதி காட்சியின் முன்பும், எஞ்சியது கூடாரத்திலும் நடைபெற்றது. எண்ணெய் வண்ண ஓவியங்கள் இவ்வரைபடங்களைக் கொண்டு பின்னர் தீட்டப்பட்டவையாகும். தொடக்கத்தில் புறக்கோடுகளைப் பதிக்கும் உதவியாளராக இருந்த வில்லியம், பயணத்தின் முடிவில் தாமஸுக்கு நிகரான ஓவியராக வளர்ந்துவிட்டார்.

இத்தகைய வேலை இருவரால் மட்டும் முடிந்ததன்று. படகோட்டிகள், பல்லக்குத் தூக்குவோர், சுமை தூக்குவோர், வழிகாட்டிகள், சமையற்காரர் எனப் பலர் உடன் சென்றனர். கருவிகளையும் தாள்களையும் மழையில் நனையாமல் நூற்றுக்கணக்கான மைல்களுக்குச் சுமந்தவர்கள் இவர்களே. இவர்களின் பெயர்கள் அச்சான படங்களில் இடம்பெறவில்லை.

தமிழகப் பயணம்

கல்கத்தாவில் தம் ஓவியங்களைக் குலுக்கல் முறையில் விற்றுக் கிடைத்த பணத்துடன் இருவரும் 1792 மார்ச்சில் கடல் வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டனர். ஓவியங்களைப் பரிசுகளாக வைத்துச் சீட்டுகளை விற்பதும், குலுக்கலில் தேர்வானவருக்கு ஓவியத்தைக் கொடுப்பதும் அக்காலத்தில் ஓவியர்கள் பணம் திரட்டக் கையாண்ட வழிகளுள் ஒன்றாகும்.

இவர்கள் சென்னைக்கு வந்த காலம் குறிப்பிடத்தக்கது. கம்பெனிக்கும் திப்பு சுல்தானுக்கும் இடையே 1790 இல் தொடங்கிய மூன்றாம் மைசூர்ப் போர், 1792 மார்ச்சில் சிறீரங்கப்பட்டண உடன்படிக்கையுடன் முடிவுற்றது. அவ்வுடன்படிக்கையின்படி பாராமகாலும் திண்டுக்கல் சீமையும் மலபாரும் கம்பெனியின் வசம் வந்தன. போர் நடந்த மலைக்கோட்டைகளைப் பற்றி இங்கிலாந்தில் மிகுந்த ஆவல் நிலவியது. இராபர்ட் ஹோம் என்னும் ஓவியரும், படையைச் சேர்ந்த சில அலுவலர்களும் அவற்றை ஏற்கனவே வரைந்திருந்தனர். 1793, 1794 ஆம் ஆண்டுகளில் மைசூர்ப் போர்க்களக் காட்சிகளைக் கொண்ட தொகுப்புகள் அடுத்தடுத்து வெளிவந்தன. டேனியல்களும் காரன்வாலிசின் படை சென்ற வழியைப் பெரும்பாலும் பின்பற்றியே பாராமகால் வழியாகப் பெங்களூர் வரை சென்றனர். பின்னர் தெற்கு நோக்கித் திரும்பித் திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பயணம் செய்தனர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய நகரங்களும் இப்பயணத்தில் வரையப்பட்டன.

பாராமகாலும் அதன் மலைகளும்

பாராமகால் என்பது இன்றைய கிருட்டிணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் மாவட்டங்களின் பகுதிகளை உள்ளடக்கிய பழைய ஆட்சிப் பிரிவாகும். சமவெளியில் இருந்து தனித்தனியே எழும் கருங்கல் குன்றுகளும், அவற்றின் உச்சியில் கட்டப்பட்ட கோட்டைகளும் இப்பகுதியின் சிறப்பாகும். இராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், சகதேவி ஆகிய இடங்களின் காட்சிகள் டேனியல்களின் தொகுப்பில் அச்சாகியுள்ளன. ஓசூரின் காட்சியும் அதில் உண்டு. இப்படங்களில் கோட்டை மதில்கள் சிறியனவாகவும், அவற்றைத் தாங்கும் பாறைகள் பெரியனவாகவும் காட்டப்பட்டுள்ளன. கோட்டையைப் போர்ச் செய்தியாகப் பார்க்க விரும்பிய வாசகர்களுக்கு, டேனியல்கள் அதை நிலத்தின் ஓர் உறுப்பாகக் காட்டினர் எனலாம்.

பாராமகாலைச் சூழ்ந்து சவ்வாது மலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை ஆகிய கிழக்குத் தொடர்ச்சி மலைகள் அமைந்துள்ளன. இவற்றுள் கல்வராயன் மலை இன்று கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களில் பரவியுள்ளது. கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதிக்கு வெள்ளிமலை தலைமையிடமாகும். 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பின் 144 படங்களில் கல்வராயன் மலையின் பெயரில் ஒன்றும் இல்லை. இதிலிருந்து இவ்வோவியர்களின் தேர்வு எவ்வாறு அமைந்தது என்பதை அறியலாம். படை சென்ற சாலைகளும், போரில் பெயர்பெற்ற கோட்டைகளும், புகழ்பெற்ற கோயில்களுமே அவர்களின் வழியைத் தீர்மானித்தன. மலையாளி மக்கள் வாழும் கல்வராயன் மலையின் உட்பகுதி அத்தகைய சாலை எதிலும் அமைந்திருக்கவில்லை. அம்மலை 1970கள் வரை ஜாகீர்தார்களின் பொறுப்பில் தனித்தே இருந்தது. எனவே டேனியல்களின் படங்களை அக்காலத் தமிழகத்தின் முழுமையான நிலப்பதிவாகக் கொள்ளாமல், ஒரு குறிப்பிட்ட வழியில் இருந்து தெரிந்த தமிழகமாகவே கொள்ள வேண்டும்.

இது தொடர்பாக ஓர் இடப்பெயர்க் குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். தொகுப்பில் ஆத்தூருக்கு அருகில் உள்ள காட்சி ஒன்று இடம்பெற்றுள்ளது. இது கல்வராயன் மலையடிவாரத்தில், வசிட்ட நதிக்கரையில் உள்ள சேலம் மாவட்டத்து ஆத்தூர் அன்று. படத்தின் தலைப்பிலேயே திண்டுக்கல் சீமை என்று குறிக்கப்பட்டிருப்பதால், இது திண்டுக்கல்லுக்கு அருகில் உள்ள ஆத்தூர் ஆகும்.

தெற்கத்திக் காட்சிகள்

திருநெல்வேலிச் சீமையில் டேனியல்கள் வரைந்த படங்கள் இயற்கைக் காட்சிகள் என்ற வகையில் சிறப்பானவை. பாபநாசத்தில் தாமிரபரணி ஆறு மலையில் இருந்து இறங்கும் அருவியின் படம் அவற்றுள் ஒன்று. பாறைகளுக்கு இடையே வெண்மையாக விழும் நீரும், அதன் அருகில் மிகச் சிறியவர்களாகத் தெரியும் மனிதர்களும் அருவியின் பருமையை உணர்த்துகின்றனர். 1940களில் இங்கு நீர்மின் திட்டம் அமைக்கப்பட்டது. ஆற்றின் ஓட்டம் கட்டுப்படுத்தப்படுவதற்கு முந்தைய பாபநாசத்தைக் காட்டுவதால் இப்படம் வரலாற்று மதிப்பும் உடையது.

மற்றொரு படம் குமரிமுனையின் பெயரைக் கொண்டது. ஆனால் இது களக்காட்டுக்கு அருகில் இருந்து வரையப்பட்டது என்பது தலைப்பிலேயே கூறப்பட்டுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைச் சமவெளியில் இருந்து நோக்கும் காட்சியே இதில் உள்ளது. கடல்முனையின் பெயரால் அறியப்படும் இப்படத்தின் உண்மையான பொருள் மலையாகும்.

நகரங்களும் கோயில்களும்

தமிழக நகரங்களின் காட்சிகளும் தொகுப்பில் மிகுதியாக உள்ளன. அவற்றுள் சில பின்வருமாறு:

• திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை. காவிரி ஆற்றில் இருந்து பார்த்தவாறு வரையப்பட்டது.
• தஞ்சைப் பெரிய கோயிலும் அங்குள்ள பெரிய நந்தியும்.
• மதுரைப் புதுமண்டபத்தின் உட்புறம். திருமலை நாயக்கர் கட்டிய இம்மண்டபத்தின் தூண் சிற்பங்கள் இதில் விரிவாகக் காட்டப்பட்டுள்ளன.
• மதுரைக் கோட்டையின் உட்புறம், நாயக்கர் அரண்மனையின் சிதைந்த பகுதிகள்.
• சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டை.
• பரங்கிமலைக்கு அருகில் உள்ள ஆர்மீனியப் பாலம்.
• மாமல்லபுரத்தின் குடைவரைகளும் சிற்பப் பாறைகளும்.

இவற்றுள் சில இடங்கள் பின்னர் பெரிதும் மாறிவிட்டன. மதுரைக் கோட்டையின் மதில்கள் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்னின் காலத்தில் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் தெருக்கள் அமைக்கப்பட்டன. நாயக்கர் அரண்மனை அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பழுதுபார்க்கப்பட்டது. ஆர்மீனிய வணிகர் பெட்ரூசு உசுக்கான் 18 ஆம் நூற்றாண்டில் அடையாற்றின் மேல் கட்டுவித்த பாலம், 1960களில் புதிய பாலத்துக்கு இடம்கொடுத்தது. அப்புதிய பாலம் மறைமலை அடிகள் பாலம் எனப்படுகிறது. ஆகவே பழைய தோற்றத்தை அறிய விரும்புவோருக்கு டேனியல்களின் படங்கள் முதன்மைச் சான்றாக உள்ளன.

இங்கிலாந்து திரும்புதல்

தெற்கத்திப் பயணம் முடிந்து சென்னைக்குத் திரும்பிய டேனியல்கள், 1793 இல் அங்கும் ஒரு குலுக்கல் நடத்தித் தம் ஓவியங்களை விற்றனர். பின்னர் பம்பாய்க்குச் சென்று ஸ்காட்லாந்து ஓவியர் ஜேம்ஸ் வேல்சின் துணையுடன் எலிபெண்டா முதலிய குடைவரைகளை வரைந்தனர். எல்லோராக் குகைகளை வரைந்த வேல்ஸ் 1795 இல் காலமானார். அவருடைய வரைபடங்களைக் கொண்டு டேனியல்கள் பின்னர் ஒரு தனித் தொகுதி வெளியிட்டனர். 1793 இல் இந்தியாவை விட்டு நீங்கிய இருவரும் சீனா வழியாக 1794 செப்டம்பரில் இங்கிலாந்தை அடைந்தனர். அதன்பின் தாமஸ் டேனியல் இந்தியாவுக்கு வரவில்லை. எனினும் தம் வாழ்நாளின் எஞ்சிய காலம் முழுவதும் பெரும்பாலும் இந்தியக் காட்சிகளையே தீட்டி வந்தார்.

ஓரியண்டல் சீனரி

இங்கிலாந்து திரும்பியபின் இருவரும் 1795 முதல் 1808 வரை பதின்மூன்று ஆண்டுகள் இத்தொகுப்புக்காக உழைத்தனர். தொகுதிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் ஆறு தொகுதிகளாக 144 படங்கள் வெளியாயின. முழுத் தொகுப்பின் விலை 210 பவுன். அக்காலத்தில் செல்வர்களும் நிறுவனங்களும் மட்டுமே வாங்கத்தக்க விலை இது. பின்னர் 1812 முதல் 1816 வரை சிறிய அளவில் ஒரு பதிப்பும் வெளியிடப்பட்டது.

படங்கள் அக்குவாடின்ட் என்னும் முறையில் அச்சிடப்பட்டன. இம்முறையில் செப்புத்தகட்டின் மேல் குங்கிலியத் தூள் தூவிச் சூடாக்கப்படும். தூளின் துகள்கள் தகட்டில் ஒட்டிக்கொண்ட பின், அதை அமிலத்தில் இடுவர். துகள்களுக்கு இடையே உள்ள செம்பை மட்டும் அமிலம் அரிப்பதால் தகட்டில் நுண்ணிய புள்ளிகள் உண்டாகும். வெளிறித் தோன்ற வேண்டிய பகுதிகளை மெழுகெண்ணெய் பூசி மறைத்துவிட்டு, எஞ்சியவற்றை மீண்டும் அமிலத்தில் இட்டால் அவை மேலும் கருமை அடையும். இவ்வாறு பலமுறை செய்வதால் கோடுகளால் காட்ட முடியாத வானத்தின் சாயல், மலை மூட்டம், பாறையின் நிழல் ஆகியவை மென்மையாகப் பதியும். அச்சிட்ட பின் ஒவ்வொரு படத்துக்கும் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. திறந்தவெளியில் நீர்வண்ணத்தால் தீட்டிய மெல்லிய பூச்சுகளை அச்சில் கொண்டுவருவதற்கு இம்முறை மிகவும் ஏற்றதாக இருந்தது. வில்லியம் பல ஆண்டுகள் முயன்று இதில் ஒப்பற்ற தேர்ச்சி பெற்றார்.

இயற்கைக் காட்சிகளுக்கென அமைந்த தொகுதி 1807 இல் நிறைவுற்றது. பாபநாசம், களக்காடு, ஆத்தூர், சகதேவி ஆகிய படங்கள் இதில் உள்ளன. ஆகவே 1792 இல் வரைந்த கோடுகள் அச்சேறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. இந்த இடைவெளியில் ஓவியர்களுக்குத் துணையாக இருந்தவை களத்தில் வரைந்த தாள்களும் நினைவுமே ஆகும்.

பிற்கால வாழ்க்கை

தாமஸ் டேனியல் 1796 இல் அரச கலைக்கழகத்தின் இணை உறுப்பினராகவும், 1799 இல் முழு உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியக் கட்டடக் கலையில் இவருக்கு இருந்த அறிவு, கட்டட அமைப்பிலும் பயன்பட்டது. கிளௌசெஸ்டர்சயரில் உள்ள செசின்கோட் மாளிகை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயப் பாணியில் கட்டப்பட்டபோது அதன் தோட்டத்தில் உள்ள சூரியன் கோயிலையும் பாலத்தையும் இவர் வடிவமைத்தார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

வில்லியம் டேனியல் பிற்காலத்தில் பிரித்தானியக் கடற்கரை முழுவதும் சுற்றி வரைந்து, 1814 முதல் 1825 வரை 308 படங்கள் கொண்ட பெருந்தொகுப்பை வெளியிட்டார். இந்தியாவில் கற்ற களப்பணி முறையைத் தம் நாட்டுக் காட்சிகளுக்குப் பயன்படுத்தியதாக இதனைக் கருதலாம். 1822 இல் அவரும் அரச கலைக்கழக உறுப்பினரானார். வில்லியமின் தம்பி சாமுவேல் டேனியல் (1775 – 1811) இலங்கையில் தங்கி அத்தீவின் காடுகளையும் விலங்குகளையும் மக்களையும் வரைந்தார். அவருடைய இலங்கைக் காட்சிகள் 1808 இல் நூலாக வெளிவந்தன. அவர் இலங்கையிலேயே காலமானார்.

வில்லியம் 1837 இல் மறைந்தார். அவரைவிட இருபது வயது மூத்தவரான தாமஸ் டேனியல், மேலும் மூன்று ஆண்டுகள் வாழ்ந்து மார்ச் 19, 1840 இல் லண்டனில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டான 1839 இல்தான் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மதிப்பீடு

டேனியல்களின் படங்கள் ஐரோப்பாவில் இந்தியாவைப் பற்றிய மனத்தோற்றத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்தன. சுவர்த்தாள்களிலும் பீங்கான் தட்டுகளிலும் இவற்றின் காட்சிகள் பயன்படுத்தப்பட்டன. பிரான்சின் சூபர் நிறுவனம் 1807 இல் வெளியிட்ட 'இந்துஸ்தான்' என்னும் காட்சிச் சுவர்த்தாள் இவற்றைத் தழுவியதாகும்.

கட்டடங்களைப் பொறுத்தவரை இப்படங்கள் மிகுந்த நம்பகத்தன்மை உடையவை என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒளிப்படக் கலைஞர் அந்தோனியோ மார்ட்டினெல்லி இதே இடங்களுக்குச் சென்று, டேனியல்கள் அமர்ந்த கோணங்களில் இருந்தே படம்பிடித்தார். பல இடங்களில் கட்டட அளவுகள் இன்றும் பொருந்தி வருவதை அவ்வொளிப்படங்கள் காட்டின.

ஆயினும் படத்தின் எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவில் நம்ப இயலாது. காட்சி எழிலாக அமைய வேண்டும் என்பது அக்கால ஓவிய மரபு. அதன்படி முன்னணியில் உள்ள மரங்கள், மனிதர்கள், கால்நடைகள் ஆகியவை பெரும்பாலும் பின்னர் சேர்க்கப்பட்டவையாகும். போர் முடிந்து சில வாரங்களே ஆன பாராமகாலின் வழியே இவர்கள் சென்றபோதும், போரின் அழிவையோ மக்களின் துன்பத்தையோ இப்படங்களில் பெரிதும் காண முடிவதில்லை. மலைக்கோட்டைகள் அமைதியான மாலை வெளிச்சத்தில் நிற்கின்றன. கம்பெனி புதிதாகப் பெற்ற நிலத்தை அழகிய உடைமையாகக் காட்ட இப்படங்கள் உதவின என்ற கருத்தும் கலை வரலாற்றாளரிடையே உண்டு.

எனவே இப்படங்களைப் பயன்படுத்தும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நலம். எந்தப் பகுதி களத்தில் இருந்து கோடாகப் பதிக்கப்பட்டது? எந்தப் பகுதி லண்டனில் சேர்க்கப்பட்டது? அந்த வழியில் இல்லாததால் எவை வரையப்படாமல் போயின? முதற்கேள்விக்கு விடையாக அமையும் மலையின் வடிவம், கோபுரத்தின் உயரம், ஆற்றின் போக்கு ஆகியவற்றில்தான் தாமஸ் டேனியலின் நிலைத்த பங்களிப்பு உள்ளது.

படைப்புகள் உள்ள இடங்கள்

டேனியல்களின் மூல வரைபடங்களும் அச்சுப்படங்களும் லண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தில் மிகுதியாக உள்ளன. எண்ணெய் வண்ண ஓவியங்களின் பெருந்தொகுப்பு கொல்கத்தாவின் விக்டோரியா நினைவகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

முதன்மையான வெளியீடுகள்

• கல்கத்தாக் காட்சிகள் (1786 – 1788), 12 படங்கள்
• ஓரியண்டல் சீனரி (1795 – 1808), ஆறு தொகுதிகள், 144 படங்கள்
• சீனா வழியாக இந்தியாவுக்கு ஒரு கடற்பயணம் (1810), வில்லியமுடன் இணைந்து